கடல் இல்லாத ஐரோப்பா

சென்ற கோடை விடுமுறைக்கு என் தமையனாரின் பெண் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தாள். கதை எழுதிப் பிழைக்கும் சித்தப்பாவுக்கு என்ன வாங்கிப் போவது என்று அவள் ரொம்ப நாள் யோசித்தாளாம். பேனா வாங்கினால், இன்னும் எழுதுங்கள் என்று தூண்டிவிட்ட பாவம் வந்து சேரும். புத்தகம் வாங்கினால் அது ஏற்கெனவே சித்தப்பாவிடம் இருக்கும். அல்லது சித்தப்பாவிடமிருந்து யாராவது இரவல் வாங்கிப் போயிருப்பார்கள். கடைசியில் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். குலுக்கினால் சோழி குலுக்குவது போல் சத்தம் கேட்டது.

"நாவல் படிக்கிறவர்களுக்கென்றே இப்போது இப்படியெல்லாம் செய்கிறார்கள், சித்தப்பா. இது ஜேன் ஆஸ்டின்" என்றாள்.

"ஜேன் ஆஸ்டினா? இந்தப் பெட்டிக்குள்ளா?" என்றேன்.

"ஆமாம். ஆயிரம் துண்டாக இருக்கிறாள்" என்றாள், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

ஜிக்ஸா என்று சொல்கிறார்களே, அந்த விளையாட்டு. ஒரு படத்தை அட்டையில் ஒட்டி, கோணல் மாணலாக வெட்டி, கலைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள். நாம் பணம் கொடுத்து வாங்கி, அவர்கள் கலைத்ததைத் திரும்பச் சேர்க்கிறோம். இப்போது ஷேக்ஸ்பியர், டிக்கன்ஸ், ஷெர்லாக் ஹோம்ஸ் என்று ஆளுக்கொரு பெட்டி வந்துவிட்டது.

கூடத்தில் ஒரு பெரிய பலகையைப் போட்டு உட்கார்ந்தோம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள் குழந்தை. சித்திரை மாதத்து வெயிலில் மின்விசிறி இல்லாமல் ஆங்கில இலக்கியத்தைச் சேர்த்துக் கட்டுவது எவ்வளவு பெரிய தவம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். "வீடு பெருக்க வருகிறவளுக்கு ஒரு வாரம் விடுமுறை கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பாராமலே என் மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஆறாம் நாள் படம் முடிந்தது. அழகான மாளிகைகள், பச்சைப் புல்வெளி, குதிரை வண்டிகள், நடனக் கூடம், தொப்பி அணிந்த பெண்கள், அவர்களுக்குச் சற்றுத் தள்ளிச் செல்வந்தர்களான மாப்பிள்ளைமார். ஒரு துண்டுகூடக் குறையவில்லை. ஆனாலும் என் மனத்தில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம், நாங்கள் ஆறு நாள் ஆடிய இந்த விளையாட்டைப் பற்றி ஜேன் ஆஸ்டினே ஒரு நாவலில் எழுதியிருக்கிறாள். அவள் எழுதியது அவ்வளவு இன்பமான சங்கதி அல்ல.

அந்த நாவல் 1814-ல் வெளிவந்த 'மான்ஸ்ஃபீல்டு பார்க்'. போர்ட்ஸ்மத் என்னும் துறைமுகத்தில் வறுமைப்பட்ட ஒரு கடற்படைச் சிப்பாய்க் குடும்பம். பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. பத்து வயதுப் பெண் ஃபானியைப் பணக்காரப் பெரியம்மா வீட்டுக்கு வளர அனுப்புகிறார்கள். உறவினர் வீட்டில் ஒண்டி வளர்ந்த குழந்தையின் கதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. நம் குடும்பங்களிலும் அப்படி ஒருத்தி இருந்திருப்பாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவாள். யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் அவள் சிரித்ததை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

வந்த சில நாளிலேயே பெரியம்மாவின் பெண்கள் இருவரும் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்கிறார்கள்: ஃபானிக்கு ஐரோப்பாவின் தேசப்படத்தைச் சேர்க்கத் தெரியவில்லை! ருஷ்யாவின் நதிகளைச் சொல்லத் தெரியவில்லை! அயர்லாந்துக்குப் போக வழி கேட்டால், வைட் தீவுக்குக் கடந்து போவேன் என்கிறாள். அந்தத் தீவை வெறுமனே 'தீவு' என்றே சொல்கிறாள், உலகத்தில் வேறு தீவே இல்லாதது போல. இதை அந்தப் பெண்கள் அத்தையிடம் ஓடிவந்து சொல்லிச் சிரிக்கிறார்கள். உங்களைப் போல் எல்லோருக்கும் ஞாபகசக்தி இருக்குமா என்று அத்தையும் அவர்களைத் தட்டிக்கொடுக்கிறாள்.

இங்கே சேர்ப்பது என்றால் கையால் சேர்ப்பது. பலகையில் ஒட்டி, தேசம் தேசமாக அறுத்த ஐரோப்பா பணக்கார வீட்டுக் குழந்தைகளின் கையில் இருந்தது. ஏழைக் குழந்தை அதைப் பார்த்ததே இல்லை. ஜிக்ஸா விளையாட்டு அன்றைக்கு அந்தஸ்தை அளக்கும் ஓர் அளவுகோலாக இருந்தது.

இந்த அறுத்த தேசப்படம் எங்கிருந்து வந்தது? வெகு காலமாக இதற்கு ஒரே பெயரைத்தான் சொல்லி வந்தார்கள்: ஜான் ஸ்பில்ஸ்பரி. லண்டனில் டுரூரி லேன் பக்கத்தில் ரஸ்ஸல் கோர்ட் என்ற இடத்தில் கடை வைத்திருந்த இளைஞன். அரசருக்குத் தேசப்படம் செய்து கொடுத்த தாமஸ் ஜெஃப்ரீஸ் என்பவரிடம் தொழில் பழகியவன். 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேசப்படங்களை மெல்லிய மஹாகனிப் பலகையில் ஒட்டி, நுண்ணிய ரம்பத்தால் எல்லைக்கோடுகளின் வழியே அறுத்து விற்க ஆரம்பித்தான். உலகம், நான்கு கண்டங்கள், இங்கிலாந்தும் வேல்ஸும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று எட்டு விதம். பிழைப்பு நன்றாக நடந்தது. ஆனால் ஆயுள்தான் போதவில்லை. 1769-ல், முப்பது வயதுக்குள் காலமாகிவிட்டான்.

பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு பெயரையும் முன்னே கொண்டுவந்தார்கள். நாவல் வாசகர்களுக்கு அது சந்தோஷம் தரும் பெயர். ஸ்பில்ஸ்பரிக்கு முன்பே லண்டனில் பிரபுக்கள் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பிரெஞ்சு ஆசிரியை மரத்தாலான தேசப்படங்களைப் பயன்படுத்தியிருக்கிறாள் என்கிறார்கள். அவள் பெயர் மதாம் லெப்ரான்ஸ் த பொமோன். 'அழகியும் அரக்கனும்' என்ற கதையை இன்று உலகமெல்லாம் குழந்தைகள் அறிந்திருக்கும் சுருக்கமான உருவில் 1756-ல் வெளியிட்டவள் அவள்தான். இலக்கியத்தை ஜிக்ஸாவில் புகுத்தியது இந்தக் காலத்து வியாபாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொட்டிலிலேயே ஒரு கதாசிரியை உட்கார்ந்திருக்கிறாள்!

ஸ்பில்ஸ்பரியின் விலைப்பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மறக்கவில்லை. முழுத் தேசப்படம் வாங்க முடியாதவர்களுக்காகக் 'கடல் இல்லாமல்' என்று ஒரு மலிவுச் சரக்கும் அவன் வைத்திருந்தான். தேசங்கள் மட்டும் இருக்கும். நீலத்துக்கு மரம் எதற்கு, கூலி எதற்கு என்று வெட்டி எறிந்துவிடுவான். பிரான்ஸும் ஜெர்மனியும் ருஷ்யாவும் குழந்தையின் கைக்கு வரும். அவற்றைச் சுற்றியிருக்கும் தண்ணீர் வராது.

கடலில்லாத ஐரோப்பா! ஐரோப்பாவிலிருந்து கடலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? இந்தப் பலகைகளை அறுத்த அதே 1760-ல்தானே கடல் கடந்து வந்த இரண்டு ஐரோப்பியக் கும்பினிகளின் படைகள் நம் வந்தவாசியில் மோதிக்கொண்டன? அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். குழந்தையின் கையில் இருந்த அந்தப் பலகையையே பாருங்கள். மஹாகனி இங்கிலாந்தில் விளையும் மரம் அல்ல. அந்தக் காலத்தில் லண்டனுக்கு வந்த மஹாகனியில் பெரும்பகுதி ஜமைக்காவிலிருந்து வந்தது. அங்கே காட்டில் அதை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். படத்தில் கடலை வெட்டி எறிந்தாலும், படம் ஒட்டிய மரம் கடலைக் கடந்துதான் வந்திருந்தது.

இந்த விளையாட்டின் பெருமையை அக்காலத்துப் பெரியவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். கவி வில்லியம் கூப்பர் 1780-ல் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு பிரபுவின் மகன் நான்கு வயதிலேயே உலகத்தின் ராஜ்யங்கள், நகரங்கள், நதிகள், மலைகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று அறிந்திருந்தான், அதற்குக் காரணம் துண்டு துண்டாக வெட்டிய தேசப்படம் என்ற விளையாட்டுச் சாமான்தான் என்று வியந்திருக்கிறார். கூப்பர் மனச்சோர்வினால் வாழ்நாளெல்லாம் அவதிப்பட்டவர். அவரைச் சிரிக்கவைக்க ஒரு சிநேகிதி சொன்ன கதையைத்தான் 1782-ல் 'ஜான் கில்பின்' என்ற வேடிக்கைப் பாட்டாக எழுதினார். குதிரை நிற்காமல் ஓட, மேலே உட்கார்ந்த ஜவுளிக் கடைக்காரர் தொப்பியும் போய், மானமும் போய், லண்டனைத் தாண்டிப் போகும் கதை. கடைசியில் கில்பினையும் படமாக்கி அறுத்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். ஜிக்ஸாவைப் புகழ்ந்த கவிக்கு ஜிக்ஸாக்காரர்கள் செய்த பதில் மரியாதை போலும்!

அதற்குள் தேசப்படத்தோடு நின்றுவிடாமல், சரித்திரம், வேதக் கதை, நீதிக் கதை எல்லாவற்றையும் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். 1790-ல் ஜான் வாலிஸ் என்ற லண்டன் வியாபாரி ஜான் பனியனுடைய நூலை, நம் நாட்டில் 'மோட்சப் பிரயாணம்' என்று மொழிபெயர்ப்பில் வழங்குவதை, ஒரு பயணப் படமாக்கி வெட்டி விற்றார். நாச நகரத்திலிருந்து மோட்சம் வரையில் குழந்தை துண்டு துண்டாக அடுக்கிக்கொண்டே போகலாம். புத்தகப் பிரியர்களுக்கான ஜிக்ஸாவுக்கு வயது இருநூறுக்கு மேல் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஜேன் ஆஸ்டினுக்குக் கூப்பரிடம் மிகுந்த பிரியம். மான்ஸ்ஃபீல்டு பார்க்கில் ஃபானியின் வாயிலும் கூப்பரின் வரி வருகிறது. ஆனால் கூப்பர் வியந்த அந்தச் சமர்த்தை அவள் வியக்கவில்லை. தேசப்படம் சேர்க்கத் தெரிந்த அந்தச் சமர்த்துப் பெண்களுக்குத் தன்னை அறியும் அறிவும், தாராள மனமும், அடக்கமும் வாய்க்கவில்லை என்று அந்தக் காட்சியின் முடிவிலேயே சொல்லிவிடுகிறாள். மூத்தவள் பிறகு கணவனை விட்டு வேறொருவனோடு ஓடிப்போகிறாள். ஐரோப்பா முழுவதையும் சேர்த்த கைகளுக்கு ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஃபானி எந்த ஊர்ப் பெண்? போர்ட்ஸ்மத் துறைமுகத்துப் பெண். கப்பல் புறப்படுவதையும் வருவதையும் பார்த்து வளர்ந்தவள். அவளுடைய அண்ணன் வில்லியம் கடற்படையில் சேர்ந்து எங்கெங்கோ அலைகிறான். 'தீவு' என்று அவள் சொன்னால் கண்ணெதிரே, தண்ணீருக்கு அப்பால், நிஜமாகவே அது இருக்கிறது. பெரியம்மாவின் பெண்கள் தேசங்களை அறிவார்கள், கடலை அறியமாட்டார்கள். ஃபானிக்குத் தேசங்கள் தெரியாது, கடல் தெரியும். அந்த மாளிகையின் செல்வமோ கடலுக்கு அப்பால் ஆன்டிகுவாத் தீவில் உள்ள பண்ணையை நம்பியிருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் அடிமைகள்.

பெரியப்பா ஆன்டிகுவாவிலிருந்து திரும்பி வந்த பிறகு ஒரு நாள் மாலை, அடிமை வியாபாரத்தைப் பற்றி ஃபானி அவரிடம் கேட்கிறாள். பிரிட்டிஷார் 1807-ல் அந்த வியாபாரத்தைச் சட்டப்படி நிறுத்தியிருந்தார்கள். பண்ணைகளில் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் வர 1833 ஆயிற்று. கேள்விக்குப் பிறகு அறையில் ஒரே மௌனம். தேசப்படம் சேர்த்த பெண்கள் வாய் திறக்கவில்லை. இந்த ஒரு சிறிய மௌனத்தைப் பற்றி எட்வர்டு சயீத் 1993-ல் எழுதிய பிறகு, எத்தனையோ அறிஞர்கள் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. ஓர் எழுத்தாளனாக எனக்குத் தோன்றுவது இதுதான்: வீட்டிலேயே மிகவும் அறியாதவள் என்று பெயர் வாங்கிய பெண் ஒருத்திதான் கடலைப் பற்றிக் கேட்டாள்.

ஆஸ்டினுக்கு இது எப்படித் தெரிந்தது? அவள் கிராமத்து வீட்டில் ஒரு சிறிய மேஜையில் உட்கார்ந்து எழுதியவள். வெளி உலகம் பாராதவள் என்று சொல்லுவது வழக்கம். ஆனால் அவள் குடும்பத்தைக் கடல் சுற்றிக்கொண்டிருந்தது. சகோதரர்கள் இருவர் கடற்படையில் இருந்தார்கள். அதிலே இளையவனான சார்லஸ், முதுமையில் தளபதியாகிக் கிழக்குக் கடல்களுக்கு வந்தான். 1852-ல் பர்மாவில் ஐராவதி நதியில் காலரா கண்டு இறந்தான். அவனுடைய சமாதி இருப்பது எங்கே? நம்முடைய திருகோணமலையில்.

அவளுடைய தகப்பனாரின் சகோதரி ஃபிலடெல்பியாவின் கதை இன்னும் நெருக்கம். தாய் தகப்பன் இல்லாத பெண். ஸ்பில்ஸ்பரி பின்னாளில் கடை வைத்த அதே வட்டாரத்தில், காவண்ட் கார்டனில், தொப்பி தைக்கும் தொழில் பழகினாள். கையில் காசில்லாத பெண்ணுக்கு இங்கிலாந்தில் மாப்பிள்ளை ஏது? 1752 ஜனவரியில் கப்பல் ஏறி, ஏழு மாதம் கடலில் கிடந்து, ஆகஸ்டில் சென்னைப்பட்டினம் வந்து இறங்கினாள். மறு ஆண்டு பிப்ரவரியில், கடலூரில், கும்பினியின் வைத்தியரான ஹான்காக் என்பவரை மணந்தாள். பிறகு கல்கத்தாவில் அவளுக்குப் பிறந்த மகள் எலைஸாதான் பிற்காலத்தில் ஜேனின் அண்ணன் ஹென்றியை மணந்தவள். ஜேன் பதினாறு வயதில் எழுதி முடிக்காமல் விட்ட ஒரு கதையில், ஓர் அநாதைப் பெண்ணை மாப்பிள்ளை தேடி வங்காளத்துக்குக் கப்பலேற்றுகிறார்கள். அதை ஒரு சந்தோஷமான விஷயமாக ஜேன் எழுதவில்லை.

ஆகவே அவளுக்குக் கடல் தெரியும். போர்ட்ஸ்மத் கோட்டை மதில் மேல் நின்று ஃபானி கடலைப் பார்க்கும் அத்தியாயம் நாவலிலேயே இருக்கிறது. கடைசியாக எழுதி முடித்த 'பெர்சுவேஷன்' நாவலின் நாயகன் ஒரு கடற்படைக் காப்டன். என் வீட்டுக் கூடத்தில் ஆயிரம் துண்டாகக் கிடந்த படத்தில் எனக்கு உறுத்தியது எது என்று இப்போது தெரிந்திருக்கும். மாளிகை இருந்தது, வண்டி இருந்தது, நடனம் இருந்தது. கடலைத்தான் காணோம். ஸ்பில்ஸ்பரியின் மலிவுச் சரக்கு மறுபடியும் வந்துவிட்டது!

இப்படிச் சொல்வதால் ஜிக்ஸாவை நான் இகழ்வதாக நினைக்க வேண்டாம். அது எத்தனையோ பேருக்குத் துணையாக இருந்திருக்கிறது. அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி உச்சத்தில் இருந்த 1932-33-ல் வேலையிழந்த தச்சர்களும் கட்டடக் கலைஞர்களும் வீட்டிலேயே ஜிக்ஸா அறுத்து விற்றார்கள்; மருந்துக் கடைகள் அவற்றை வாடகைக்கு விட்டன. பிறகு அட்டையில் அச்சு வைத்து வெட்டியவை வாரத்துக்கு ஒன்றாக இருபத்தைந்து சென்ட்டுக்கு வந்தன. 1933-ன் தொடக்கத்தில் வாரத்துக்கு 1 கோடி ஜிக்ஸா விற்றதாகக் கணக்கு. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு, தன் கையால் ஒன்றாவது முழுமையாக முடிந்தது என்ற ஆறுதல் சாமானியமானதா? 2020-ல் கொள்ளைநோய்க்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டபோதும் கடைகளில் ஜிக்ஸாக்கள் காலியாகின. ஆங்கில நாவலாசிரியை மார்கரெட் டிராபிள், கணவர் கடும் நோயில் கிடந்த காலத்தில் மனம் தாளாமல் ஜிக்ஸாவில் தஞ்சம் புகுந்தார். அதன் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தவர், சிறு வயதில் தம்மோடு ஜிக்ஸா சேர்த்த ஒரு சிற்றன்னையின் நினைவுகளையே எழுதி முடித்தார். அந்தப் புத்தகம் 2009-ல் வந்தது.

ஆனால் இந்த விளையாட்டின் அடி ஆழம் வரை போனவர் ஜார்ஜ் பெரெக் என்ற பிரெஞ்சுக்காரர். 1978-ல் வந்த அவருடைய பெரிய நாவலின் பெயர் 'வாழ்க்கை: உபயோகிக்கும் முறை'. அதில் பார்ட்டில்பூத் என்ற பணக்காரன் வருகிறான். பத்து வருஷம் ஓவியம் கற்றுக்கொள்கிறான். இருபது வருஷம் உலகம் சுற்றி ஐந்நூறு துறைமுகங்களை வரைகிறான். ஒவ்வொன்றையும் பாரிஸில் உள்ள ஒரு கைவினைஞன் எழுநூற்றைம்பது துண்டாக அறுத்துவைக்கிறான். அடுத்த இருபது வருஷம் பார்ட்டில்பூத் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த படத்தை வரைந்த துறைமுகத்துக்கே கொண்டுபோய், மருந்து நீரில் நனைத்து, மீண்டும் வெள்ளைக் காகிதமாக்கிவிட வேண்டும். ஐம்பது வருஷ வாழ்க்கையில் மிச்சம் ஒன்றும் இருக்கக்கூடாது!

நடப்பது வேறு. 439-வது படத்தைச் சேர்க்கும்போது, கண் பார்வை போய்விட்ட கிழவனாக அவன் இறந்து போகிறான். படத்தில் ஒரே ஓர் ஓட்டை பாக்கி. அதன் வடிவம் எக்ஸ் எழுத்து. அவன் கையில் இருக்கும் துண்டின் வடிவமோ டபிள்யூ எழுத்து. அறுத்தவன் என்றோ செய்து வைத்த சூழ்ச்சி அது. சேர்க்கிறவன் செய்யும் ஒவ்வொரு யோசனையும் அறுத்தவன் முன்பே யோசித்தது என்று பெரெக் நாவலின் தொடக்கத்திலேயே எச்சரித்திருக்கிறார்.

விளையாட்டாக எழுதியவர் அல்ல பெரெக். தகப்பனார் 1940-ல் போரில் மாண்டார். தாயை 1943-ல் நாஜிகள் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. பிரெஞ்சு மொழியில் மிக அதிகமாகப் புழங்கும் உயிரெழுத்தை ஓரிடத்தில்கூடச் சேர்க்காமல் ஒரு முழு நாவலை அவர் 1969-ல் எழுதினார். 'காணாமல் போதல்' என்று அதற்குப் பெயர். குறைகிற துண்டு எது என்பதைச் சிலர் ஏட்டில் படிப்பதற்கு முன் வாழ்க்கையில் படித்துவிடுகிறார்கள்.

குழந்தை ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய வாரம் கடலூரில் ஓர் உறவினர் கலியாணம். சாயங்காலம் அவளை அழைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனேன். அங்கே செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தான். இப்போது இருப்பது கொஞ்சம் செங்கல்லும் சுவரும்தான். ஃபிலடெல்பியாவின் கதையை அங்கே வைத்துச் சொன்னேன். ஏழு மாதக் கப்பல் பயணம், இருபத்திரண்டு வயது, இதே ஊரில், முன்பின் பழகாத ஒருவனோடு கலியாணம்.

அவள் வெகு நேரம் பேசவில்லை. படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன.

"இது பெட்டி மூடியில் இல்லையே, சித்தப்பா" என்றாள் கடைசியில்.

"ஆமாம், அம்மா. இதற்குப் புத்தகத்தைத்தான் படிக்க வேண்டும்" என்றேன்.

ஊருக்குப் போகும்போது ஜிக்ஸாப் பெட்டியை என்னிடமே விட்டுவிட்டாள். என் அலமாரியிலிருந்து 'மான்ஸ்ஃபீல்டு பார்க்'கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வழக்கம்போல் இரவல்தான்; திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. வராவிட்டாலும் பாதகமில்லை.